பூட்டியிருந்ததாக எழுதிய கதவு

"கதவு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், பிரதிவாதி எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே சம்மனை வெளிக்கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினேன்."

இந்த மூன்று வரிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன். திருச்சியில் ஒரு சிவில் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எனக்கு உத்தியோகம். பதவிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. சனங்களுக்கு நான் அமீனா. வீட்டை ஜப்தி செய்ய வருகிறவரும் அமீனா, வெறும் தாளை நீட்டிவிட்டுப் போகிறவனும் அமீனா. வாசலில் நின்று அந்த வித்தியாசத்தை விளக்கினால் யாரும் காது கொடுப்பதில்லை.

என்னைக் கண்டால் மனிதர்கள் ஒளிவார்கள். உள்ளே டி.வி. ஓடும், குக்கர் விசிலடிக்கும், ஜன்னலில் ஒரு தலை வந்து "அவரு ஊர்ல இல்லைங்க" என்று சொல்லிவிட்டு மறையும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஏம்மா, நான் என்ன பாம்பா, பேப்பர்தானே கொண்டாந்திருக்கேன்" என்று கத்தியிருக்கிறேன். அந்தத் தாள் கைக்குப் போனால்தான் அவர் கோர்ட்டுக்கு வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியும். போகாவிட்டால் வழக்குப் போட்டவர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். இது தெரியாமல் ஒளிகிறார்களே என்றுதான் கோபம். ஆள் அகப்படவே இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. பசை டப்பா எப்போதும் என் வண்டியில் இருக்கும்.

உறையூரில் என் வீடு. அங்கிருந்து கோர்ட், கோர்ட்டிலிருந்து காவிரிப் பாலம், பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாலத்தில் போய்வந்தேன். ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது ஒருநாள் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ப் பக்கம் ஒரு சம்மன் கொண்டுபோனேன். அந்த ஒரு சம்மனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அறுபது சென்ட் வாழைத் தோட்டம். அப்பா உயிரோடு இருந்தபோது மகளுக்கு எழுதிக் கொடுத்தது. மகளும் மருமகனும் அதில் பூவன் போட்டு, இலை அறுத்து, தார் வெட்டிப் பிழைத்தார்கள். அவர்களுக்கு வேறு வருமானமும் கிடையாது, பிள்ளைகளும் கிடையாது. அந்தப் பக்கமெல்லாம் மனைகளாகி, தோட்டத்தை ஒட்டித் தார் ரோடு வந்ததும் தம்பிக்காரருக்கு நிலத்தின் மேல் கண் விழுந்தது. தென்னூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். அது பாட்டன் சொத்து, அப்பா தன் இஷ்டத்துக்கு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது செல்லாது, நிலத்தை எனக்கு ஒப்படைக்க வேண்டும் என்று அக்கா மேல் வழக்குப் போட்டார். மரியாதையாகவே எழுதுகிறேன். அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வர என்னால் இன்னும் முடியவில்லை.

தெருமுனையிலேயே பறைச் சத்தம் கேட்டது. வேறு யார் வீடோ என்று நினைத்துக்கொண்டே நம்பர் பார்த்துப் போனேன். பந்தல் போட்டிருந்த வீடுதான் நான் தேடி வந்த வீடு. தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வேலியில் சாய்த்துவைத்த மாலைகள். பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். நான் சம்மன் கொடுக்க வந்த அம்மாவின் வீட்டுக்காரர் விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், மோட்டார் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம்.

பையில் சம்மன் இருக்கிறது. தெருவில் நிற்கிறேன். திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியைத் தள்ளியபோது ஒருவர் பந்தலிலிருந்து வேகமாக என்னிடம் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. சம்மன் கொண்டுபோகிற செலவுக்குப் பணம் கட்டக் கோர்ட்டுக்கு வந்தபோது பார்த்த முகம். வழக்குப் போட்ட தம்பி. புருஷன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும், அதைக் கொண்டுவந்திருந்தார். அழுது அழுது கண் இரண்டும் சிவந்திருந்தன. அது பொய் அழுகை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

"சார், இன்னைக்கு வேண்டாம் சார். வாசல்ல பேப்பரை ஒட்டுனீங்கன்னா எங்க அக்கா தாங்காது."

"நான் ஒட்டலீங்க. திருப்பி எடுத்துட்டுப் போறேன். சாவு வீடுன்னு எழுதிக் கொடுத்துட்டா இன்னொரு தேதி போடுவாங்க."

"அப்படி எழுதுனா மறுபடியும் வருவீங்கள்ல? வேண்டாம் சார். இந்த நேரத்துல கேஸு நடத்துறவன் மனுசனா? நான் வாபஸ் வாங்கிடறேன். நீங்க எப்பவும்போல ஒட்டியாச்சுன்னு எழுதிக்கங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன். அந்தப் பேப்பரை எங்கிட்ட குடுங்க, பதினாறு முடிஞ்சதும் அக்காகிட்ட பக்குவமா சொல்லிக் குடுத்துடறேன்."

கொடுத்துவிட்டேன். பிரதிவாதியின் சம்மனை வாதியின் கையிலேயே கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நேரத்தில் அது தப்பாகவே தெரியவில்லை. அக்கா தம்பி விவகாரம், சாவோடு சண்டை முடிந்தது, நல்ல மனுஷன் என்றுதான் தோன்றியது. என் மனசு குளிர்ந்தே போயிற்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவ்வளவு தூரம் வந்துவிட்டு இழவு வீட்டு வாசலோடு திரும்பவும் மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். முகம் தெரியாத அந்த மனிதரின் காலடியில் கைகூப்பி நின்றேன். தலைமாட்டில் இருந்த அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது அல்லவா, சொல்லாமல் வெளியே வந்தேன். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டிய சம்மனின் மறுபிரதியில் அந்த மூன்று வரிகளை எழுதினேன். கதவு பூட்டியிருந்தது. கை தன் பாட்டுக்கு எழுதியது.

அதற்குப் பிறகு அந்த வழக்கை நான் மறந்தே போனேன். ரிஜிஸ்டரை ஒரு தடவை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் உட்காரும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் அது இருந்தது. புரட்டவில்லை. வாபஸ் வாங்கியிருப்பார் என்ற நம்பிக்கை, அதற்கு மேல் சோம்பேறித்தனம்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். நிலத்தைச் சுவாதீனம் எடுத்து ஒப்படைக்கச் சொல்லி ஒரு உத்தரவு வந்தது. நிஜ அமீனாவுக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். மேலூர் ரோட்டில் வண்டி திரும்பியது. பந்தல் போட்டிருந்த அதே தெரு. பெட்டிக்கடை அதே இடத்தில். அமீனா உத்தரவை எடுத்துப் படிக்கப் படிக்க எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்கா வரவில்லை, அக்கா பதில் சொல்லவில்லை, சம்மன் முறைப்படி கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது, ஆகவே தம்பி கேட்டபடி தீர்ப்பு.

அந்த அம்மா தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தார். தாரெல்லாம் முக்கால் விளைச்சலில் நின்றது. அமீனா விஷயத்தைச் சொன்னார்.

"எந்த கேஸுங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. "யாரு போட்டது?"

தம்பி என்று சொன்னதும் அவர் சிரித்தார். ஆள் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். தம்பியின் பெயரையும் அவர் அப்பாவின் பெயரையும் அமீனா வாசித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. இலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க எங்க வீட்டுக்காரரு போனன்னைக்கு வந்தீங்கள்ல? கால்மாட்டுல ரொம்ப நேரம் நின்னீங்க. அவருக்குத் தெரிஞ்சவரு போல, யாரு எவருன்னு கேக்காம விட்டுட்டோமேன்னு எத்தனையோ நாள் நினைச்சிருக்கேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடிவிட்டதால் அன்றைக்கு ஒப்படைக்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு அமீனா திரும்பினார். வண்டியில் வரும்போது "ஏன்யா, உனக்கு அந்தம்மாவை எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வேறு பேச்சுக்குத் தாவினேன்.

யாரோ அந்த அம்மாவை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார்கள். எனக்குத் தெரியாமல் நடந்த தீர்ப்பு, ரத்து செய்யுங்கள் என்று ஒரு மனு. இவ்வளவு நாள் கழித்து வருகிறேன், தாமதத்தை மன்னியுங்கள் என்று இன்னொரு மனு. சம்மன் ஒட்டியதாக எழுதியவனைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றார் வக்கீல். அப்படியாக, ஊரெல்லாம் சம்மன் கொடுத்தவனுக்கு ஒரு சம்மன் வந்தது. நான் ஒளியவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கூண்டில் ஏறுகிறவரை உண்மையைச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். ஏறியதும் வேலை ஞாபகம் வந்தது, கல்யாணத்துக்கு நிற்கிற மகள் ஞாபகத்துக்கு வந்தாள். வக்கீல் கேட்டார்.

"நீங்க போனப்ப கதவு பூட்டியிருந்ததா?"

"பூட்டியிருந்ததுங்க."

"ஒட்டினீங்களா?"

"ஒட்டினேங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. இறப்புச் சான்றிதழை நீட்டி, அதில் இருக்கிற தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நான் எழுதிய தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "சாவு விழுந்த வீட்ல, பிணம் கிடக்கறப்ப, கதவைப் பூட்டிட்டு எங்கங்க போயிருப்பாங்க?" என்றார்.

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவை அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை ரவிக்கை, கையில் ஒரு மஞ்சள் பை. என் மேல் கோபமாகப் பார்த்திருந்தால் பொய்யிலேயே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். துக்கத்துக்கு வந்த மனிதரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதவு திறந்திருந்தது, நான் ஒட்டவில்லை, தாளைத் தம்பியிடம் கொடுத்தேன். தம்பிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வக்கீல் என்னைக் குடைந்தெடுத்தார். அது எனக்கு வலிக்கவே இல்லை.

தாமதம் மன்னிக்கப்பட்டது, தீர்ப்பு ரத்தானது. என் மேல் விசாரணை வைத்து, வெளிவேலையைப் பிடுங்கிக்கொண்டு, ரிக்கார்டு ரூமில் தூசி தட்ட வைத்தார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிலம் தப்பித்தது என்று நினைத்தேன்.

இனி அந்த அம்மா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தம்பி சொன்னதற்கெல்லாம் மறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுரை என்பார்கள். அதற்குக் கெடு உண்டு. வக்கீல் எழுதி டைப் அடித்துத் தயாராக வைத்துவிட்டார். கையெழுத்துப் போட அந்த அம்மா வரவில்லை. ஒரு வாய்தா போயிற்று, இரண்டு வாய்தா போயிற்று. பொங்கல் லீவுக்கு முந்தின நாள்தான் கடைசி, அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். வக்கீல் குமாஸ்தா ரிக்கார்டு ரூமுக்கு வந்து என்னைப் பிடித்தார். "உங்க பேச்சைன்னா அந்தம்மா கேக்கும், போய் கூட்டியாங்களேன்" என்றார்.

சாயங்காலம் போனேன். அந்த அம்மா எனக்கு நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். பதிலுரையின் நகல் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இந்த இடத்தைப் படிங்க அண்ணே."

படித்தேன். 'வாதி மூன்றாவது பாராவில் கூறியிருப்பவை அனைத்தும் பொய்யும் புனைசுருட்டுமாகும். வாதி பேராசையாலும் கெட்ட எண்ணத்தாலும் இவ்வழக்கைத் தாக்கல் செய்துள்ளார்.' எல்லாப் பதிலுரையிலும் வருகிற வரிகள்தான். என்னுடைய மூன்று வரிகள் மாதிரி வக்கீல்களுக்கு அவை.

"அவன் பொய்யன்னு நான் கையெழுத்துப் போடணுமா? எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நான்தான் தூக்கி வளத்தேன். கோர்ட்டு வாசல்ல வச்சு சொன்னான் அண்ணே, 'பொங்கலுக்கு வரேங்க்கா, பேசி முடிச்சுக்கலாம்'னு. போன வருசம் துக்கம், பொங்கல் கிடையாது. இந்த வருசம் சீர் கொண்டாருவான். கட்டிக்கொடுத்த நாள்லேருந்து ஒரு வருசம் நிறுத்துனதில்லை. கரும்பும் மஞ்சக்கொத்துமா அவன் வாசல்ல வந்து நிக்கறப்ப, நான் அவன் பொய்யன்னு எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குவேன்?"

"ஏம்மா, கெடு பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சுடுதும்மா."

"நாலு நாளுதானே அண்ணே. ஒங்க கோர்ட்டு அன்னைக்கு ஒரு வருசத்தையே மன்னிச்சுதே."

அந்த மன்னிப்பு வேறு, இது வேறு. அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் வராதவர்களைக் கோர்ட் மன்னிக்காது. இப்படிக் கறாராகச் சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்து வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்க வேண்டும். ஊரார் வாசலில் எல்லாம் நின்று கத்திய என் வாய் அங்கே திறக்கவில்லை. "பார்த்துச் செய்யும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வாசல் வரை வந்தார்.

பொங்கலன்று அந்த அம்மா வாசலில் கோலம் போட்டு, வெண்கலப் பானை துலக்கி வைத்துக் காத்திருந்தாராம். குமாஸ்தா சொன்னார். மாட்டுப்பொங்கலும் போயிற்று, காணும் பொங்கலும் போயிற்று. தம்பி வரவில்லை. லீவு முடிந்து கோர்ட் திறந்த அன்றைக்குக் காலையில் வக்கீல் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வந்து வாசலில் நின்றாராம். எங்கே எங்கே என்று கேட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாராம். பொய், புனைசுருட்டு, பேராசை, எதையும் படிக்கச் சொல்லவில்லை.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மறுபடியும் மனு. ஏன் தாமதம் என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருந்தார்கள். தம்பி சீர் கொண்டுவருவான் என்று காத்திருந்தேன் என்று எந்த மனுவில் எழுத முடியும்? டாக்டர் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார் ஜட்ஜ். இல்லை. மனு தள்ளுபடி. பதிலுரை வழக்குக் கட்டில் சேரவில்லை. அதன் பிறகு தம்பி சொன்னதை மறுத்து ஒரு வரிகூடக் கோர்ட் முன்னால் இல்லை. அப்பீல் போனார்கள், அங்கும் தோற்றார்கள். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்திருந்தது, எங்கேயும் ஓட்டை இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் நிலம் கைமாறியது. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வாழை இல்லை. கல் நட்டுக் கம்பி வேலி போட்டிருந்தது. மோட்டார் கொட்டகை இருந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இலை வாங்க ஸ்ரீரங்கம் போனேன். எங்கள் பக்கத்திலேயே இலை கிடைக்கும். எதற்காகப் பாலம் தாண்டிப் போனேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாத்தார வீதியில் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்து இலைக்கட்டுகளோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ தோட்டத்து இலை, வாங்கி விற்கிறார். என்னைக் கண்டதும் "வாங்க அண்ணே, நல்லாருக்கீங்களா? பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்றார். ஆகிவிட்டது என்றேன். நல்ல இலையாகப் பொறுக்கி, காம்பு கிழியாமல் சுருட்டிக் கட்டினார்.

எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அங்கே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, இலையைப் பார்த்துச் சொன்னேன். "சாவு வீடாச்சேன்னுதாம்மா ஒட்டாம வந்தேன். உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான்."

"தெரியும் அண்ணே" என்றார். நார்க்கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். கட்டை என்னிடம் நீட்டியவர், நான் வாங்கிக்கொண்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கே ஒட்டியிருக்கலாம். அழுத அழுகையோட அதையும் சேத்து அழுதிருப்பேன்."

பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம் எத்தனை இலை வேண்டும் என்று கேட்டார்.